அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை

பம்பாய், செம்பூர், திலக் நகர்
நவம்பர் மாதம், ஞாயிறு ராத்திரி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவளுக்கு எழுதுவதுதான் வசதி. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஆபீஸில் வைத்து மேலோட்டமாகப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்ப் படி.

போன தடவை பேசிவிட்டு, "அப்பாவுக்கு என்மேல ஏதாவது கோபமா? பேரன் பாட்டுப் பாடினான், ஒரு சிரிப்புக்கூட இல்லை" என்று கேட்டாய். கோபம் ஒன்றும் இல்லை. நீ போனை வைத்ததிலிருந்து ராத்திரி சாப்பாடு வரைக்கும் அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேச்சு. இரண்டாவது அடியில் பயல் ஒரு வார்த்தையை முழுங்கிவிட்டானாம், அதையும் கவனித்து வைத்திருக்கிறார். சிரிப்பு மனசில் இருக்கிறது, முகத்துக்கு வந்து சேர மாட்டேன் என்கிறது. முகமும் தசைதானே எய்யா. பார்க்கின்சன் நோயில் கை கால் மந்தமாகிற மாதிரி அதுவும் மந்தமாகிறது. கண் சிமிட்டுவதுகூடக் குறைந்துவிட்டது. கீழ்வீட்டு மராட்டிக்காரம்மாவே, "அண்ணன் எங்களைப் பார்த்து முறைக்கிறாரே, தண்ணீர் மோட்டார் விஷயத்தில் ஏதாவது வருத்தமா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல முடிந்தது. உனக்கும் சொல்லிவிட்டால் என் மனசு ஆறும்.

பார்க்கின்சன் என்றதும் எல்லோருக்கும் நடுங்குகிற கைதான் ஞாபகம் வருகிறது. 1817-இல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது நடுக்கத்தைத்தான் தலைப்பிலேயே வைத்தார். அன்றிலிருந்து அது நம் எல்லோர் மண்டையிலும் உட்கார்ந்துவிட்டது. "நடுக்கமே இல்லையே, டாக்டர் சரியாத்தான் பார்த்தாரா?" என்று நீ கேட்டதும் அதனால்தான். நடுக்கம் இல்லாமலும் இது வரும். நரம்பு டாக்டர்கள் முதலில் தேடுவது மந்தத்தை. பிராடிகைனீசியா என்று அதற்குப் பெயர். அது இருந்து, கூடவே கை காலில் விறைப்போ, சும்மா வைத்திருக்கும்போது நடுக்கமோ இருந்தால்தான் பார்க்கின்சன் என்ற பேச்சையே எடுப்பார்கள். இதற்கு ரத்தப் பரிசோதனையில் உறுதியான பதில் கிடைப்பதில்லை. நம் அப்பாவுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கூட வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்க்கத்தான். கண்ணால் பார்த்து, கையைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் கூடவே இருக்கிறவர்கள் பார்ப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டுதானே?

அந்த மந்தம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வயசானவர்கள் எல்லோரும் மெதுவாகத்தான் நடக்கிறார்கள், நானும்தான். அது ஒரே சீரான மெதுவு. இது போகப்போகச் சுருங்குகிறது. டாக்டர் அப்பாவிடம் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அகலமாக விரித்து வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கையில் சரியாக வந்தது. வலது கையில் முதல் நாலைந்து தட்டு ஜோராக வந்தது, அப்புறம் இடைவெளி குறைந்துகொண்டே போய், கடைசியில் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த கை அது. அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையே நான் சாப்பாட்டுத் தட்டில் பார்த்திருந்தேன். குழம்பை ஊற்றியதும் முதல் பிசைவு உள்ளங்கை வரை இறங்கும். அடுத்ததில் விரல்கள் மட்டும். அதற்கு அடுத்ததில் விரல் நுனி. அப்புறம் சோற்றின் மேல் விரல் அப்படியே நிற்கும். "குழம்பு காணாதோ?" என்று நான் கேட்டால் மறுபடி பெரிதாகத் தொடங்கும், மறுபடி சுருங்கும். செலவு டைரியிலும் அதே கதை. "துவரம்பருப்பு 1 கிலோ" என்று எழுதியிருப்பார். 'து' பழைய அளவில் இருக்கும். 'பருப்பு'க்கு வரும்போது கண்ணாடி போட்டால்தான் தெரியும். அடுத்த வரியின் முதல் எழுத்து மறுபடி பெரிது, பிறகு தேய்மானம். எத்தனை பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியிருப்பேன்! அவசரத்தில் எழுத்து கோணும், வரியை விட்டு இறங்கும். இப்படி ஒவ்வொரு வரியிலும் தேய்ந்து கரைவதை நான் எந்த நோட்டிலும் பார்த்ததில்லை. வயசுக் கோளாறு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லியும் நான் விடாமல் டாக்டரிடம் இழுத்துப் போனதற்கு அந்த டைரிதான் காரணம். அதையும் பையில் எடுத்துப் போனேன். டாக்டர் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

அதற்கு முன்னால் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். வலது தோள் வலிக்கிறது, கை தூக்க முடியவில்லை என்று போனபோது, ஃப்ரோஸன் ஷோல்டர் என்று சொல்லி ஒரு கிளினிக்கில் மாசக்கணக்கில் கரண்டு வைத்தார்கள். தோள் மட்டும்தான் பார்த்தார்கள், ஆளை நடக்கவிட்டு யாரும் பார்க்கவில்லை. பார்க்கின்சன் பல பேருக்கு இப்படித் தோள் வலியாகத்தான் தலைகாட்டுமாம். நேரம் கிடைத்தால் ஊரில் நடந்த உன் அத்தை மகள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார். மண்டப வாசலில் அப்பா மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வரும் இடம். இடது கை தாராளமாக வீசி வருகிறது. வலது கை கொஞ்சம் மடங்கி இடுப்போரமாகவே நிற்கிறது. பை எதுவும் கையில் இல்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யார் கையைப் பார்ப்பார்கள்? ஒரு பக்கத்தில் தொடங்கி அப்புறம்தான் மறுபக்கம் போவது இந்த நோயின் வழக்கம்.

மூளையின் நடுப்பகுதியில், உடம்பு அசைவதற்குத் தேவையான டோபமைன் என்ற ஒன்றைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. அவை மெல்ல மெல்ல அழிகின்றன. அசைவில் வெளியே தெரியும்போது பாதிக்கு மேல் போயிருக்கும் என்கிறார்கள். அதற்குப் பல வருஷம் முன்னாலேயே வேறு சில்லறை அடையாளங்கள் வருமாம்: மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கனவு கண்டு கையைக் காலை வீசுவது. தோசை கருகுவது தெரியாமல் அப்பா அடுப்படியில் நின்றதை நினைத்துக்கொண்டேன். உனக்கும் வருமா என்று மருமகள் உன்னைக் கேட்டாளாமே. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை என்று டாக்டர் சொன்னார். அவளிடம் சொல்லிவிடு.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வையுங்கள்" என்றார். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளும், மனநோய்க்கான சில மாத்திரைகளும் இதே மாதிரி மந்தத்தைக் கொண்டுவருமாம். எப்போதோ தலைசுற்றலுக்கு எழுதிக் கொடுத்ததை அப்பா விடாமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அதை நிறுத்திப் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்டார்கள். எல்லாம் பார்த்த பிறகுதான், டோபமைன் குறைவை ஈடுகட்டுகிற லெவோடோபா மாத்திரையைத் தொடங்கினார்கள். உன் சிநேகிதர்கள் யாராவது, எங்கள் அப்பாவும் இப்படித்தான் என்று சொன்னால், முதலில் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கச் சொல். இன்னொன்று: இது மாசக்கணக்கில் ஊர்ந்து வருவது. திடீரென்று ஒரு பக்கம் கை விழுந்தாலோ வாய் கோணினாலோ அது பக்கவாதம். அதற்கு அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இப்போது நீ கவனிக்க வேண்டிய விஷயம். அப்பாவுக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை, பகல் பன்னிரண்டரைக்கு ஒன்று, சாயங்காலம் ஆறுக்கு ஒன்று. மாத்திரை போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு திறந்துகொள்ளும். எழுந்து பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், பேப்பர் படித்து அரசியல் பேசுவார், முகத்திலும் ஒரு களை வரும். பதினொன்றரைக்கு மேல் மெல்ல மெல்ல இறங்கும். பன்னிரண்டு மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மூன்று முறை முயல வேண்டும். நீ வேலை முடிந்து, உன் ஊரில் ஐந்தரைக்கு, ரயிலில் உட்கார்ந்தபடி கூப்பிடுகிறாயே, அப்போது இங்கே பகல் சரியாகப் பன்னிரண்டு. ஒவ்வொரு முறையும் அப்பாவின் மோசமான நேரத்தைத்தான் நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதை வைத்து நோய் முற்றிவிட்டது, ஆளே மாறிவிட்டார் என்று உன் மனைவியிடம் சொல்லி வருத்தப்படுகிறாய். சனிக்கிழமை உங்கள் ஊர் இரண்டரை மணிக்குக் கூப்பிடு. இங்கே காலை ஒன்பது. அப்போது நீ பார்க்கும் ஆள் வேறு.

கேள்வி கேட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இரு. மனசுக்குள் பத்து வரை எண்ணு. பதில் தெரியாமலோ காது கேட்காமலோ சும்மா இருக்கிறார் என்று நினைத்து நீ அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாய். அவர் முதல் கேள்விக்கு வாயைத் திறக்கும்போது நீ மூன்றாவதில் நிற்கிறாய். உன் சித்தப்பா இதைவிட மோசம். அப்பா ஒரு வார்த்தை தொடங்கினால் மீதியை அவரே சொல்லி முடித்துவிடுகிறார், அதுவும் தப்பாக! குரலும் தணிந்துவிட்டது. "கேக்கலப்பா, கேக்கலப்பா" என்று நாலு முறை சொன்னால் அப்பா போனை என்னிடம் கொடுத்துவிடுவார். ஒரு தடவை, "பெரிசாச் சொல்லுங்கப்பா" என்று சொல், போதும். தான் சத்தமாகத்தான் பேசுகிறோம் என்று அவருக்கு உள்ளே தோன்றுகிறது. நினைவுபடுத்தினால் சத்தம் வருகிறது.

நடக்கும்போது பேச்சுக் கொடுக்கவே கூடாது. இது நீ வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது. இரண்டையும் சேர்த்துச் செய்ய அந்த மூளையால் இப்போது முடியவில்லை. பேசினால் கால் நிற்கிறது. பாத்ரூம் வாசல் மாதிரிக் குறுகலான இடத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. பிடித்து இழுத்தால் விழுவார். "வலது கால், பெரிய எட்டு" என்று சொன்னால் கிளம்பிவிடுவார். தரையில் கோடு இருந்தால் இன்னும் சுலபம். கோட்டைத் தாண்டுவது என்று ஒரு வேலை கண் முன்னால் இருந்தால் கால் கேட்கிறது. ஹாலிலிருந்து பாத்ரூம் வரை மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். அப்பாவே அளவுகோல் வைத்து, அடிக்கு அடி சரியாக, பென்சிலில் குறித்துத்தான் ஒட்டினார். நான் ஒட்டிய ஒன்று கால் அங்குலம் சாய்ந்திருந்தது, பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினார். ஃபிட்டர் புத்தி எங்கே போகும்?

இதில் எனக்கே ஆச்சரியமான ஒன்று, சேடா நகர் முருகன் கோயில். 108 படி. சமதரையில் தடுமாறுகிறவரை எப்படி ஏற்றுவது என்று பயந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, நிற்காமல் ஏறிவிட்டார். நான்தான் மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்தேன். மேலே போய்ச் சன்னதி முன்னால் சமதரை வந்ததும் கால் சின்னச் சின்னதாக வைக்கிறது! படியும் ஒரு கோடு மாதிரிதான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். இறங்கும்போதுதான் ஆள் கூட வேண்டும்.

நீ சொன்ன ஏஜென்சி ஆள் விஷயம். பணம் அனுப்புகிறேன் என்கிறாய், சந்தோஷம். ஆனால் குளிப்பாட்டி, சட்டை போட்டுவிட்டு, ஊட்டிவிட ஓர் ஆளை இப்போதே வைக்க எனக்குச் சம்மதம் இல்லை. அப்பா சட்டைப் பொத்தானைக் கீழேயிருந்து மேலே போடுகிறார். அப்படிப் போட்டால் கண்ணுக்குத் தெரிகிறது, ஒன்று மாறிப் போகாது. பத்து நிமிஷம் ஆகும். ஆகட்டுமே, எங்களுக்கு எந்த லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது? செய்யாமல் விட்ட வேலை இந்த நோயில் சீக்கிரம் கைவிட்டுப் போகும். ராத்திரி படுக்கையில் புரள்வதற்குத்தான் உண்மையிலேயே கஷ்டப்படுகிறார். அதற்கு நான் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. ஆள் என்று வைத்தால் ராத்திரிக்கு வை, அதை நான் மறுக்கவில்லை. இங்கே பம்பாயில் 2001-இல் டாக்டர் பி.எஸ். சிங்கால் தொடங்கிய பார்க்கின்சன்ஸ் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிசார்டர் சொசைட்டி என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் கூட்டத்துக்குப் போகிறோம், காசு வாங்குவதில்லை. கைதட்டிக்கொண்டு நடப்பது, வாயைத் திறந்து சத்தமாக 'ஆ' சொல்வது என்று இந்தியிலும் மராட்டியிலும் ஒரே அமர்க்களம். எனக்குத்தான் முதலில் வெட்கமாக இருந்தது, அப்பாவுக்கு இல்லை.

ஊரிலிருந்து உன் பெரியம்மா பூனைக்காலி விதைப் பொடி அனுப்பியிருக்கிறாள். அது வெறும் நாட்டு நம்பிக்கை இல்லை, அந்த விதையில் லெவோடோபாவே இருக்கிறது. அதனால்தான் கொடுக்கவில்லை. மாத்திரைக்கு மேல் அது எவ்வளவு சேருகிறது என்று யாருக்கும் கணக்குத் தெரியாதே. டப்பா அலமாரியில் இருக்கிறது, பெரியம்மாவிடம் சொல்லிவிடாதே. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன். பருப்பும் முட்டையும் கூடவே உள்ளே போனால் மருந்து சரியாகப் பிடிக்காது. நீ வந்திருக்கும்போது, "அப்பா, சேர்ந்து சாப்பிடலாம், மாத்திரையை அப்புறம் போட்டுக்கலாம்" என்று பாசத்தில் தள்ளிப்போடாதே. அரை மணி தள்ளினாலும் அன்றைய பகல் கெட்டுப்போகும்.

பேங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று செக்கைத் திருப்பிவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பையன், "சரியாப் போடுங்க அங்கிள்" என்று வரிசையில் எல்லோரும் கேட்கிற மாதிரிச் சொன்னான். பென்ஷன் ஆயுள் சான்றுக்கு இந்த மாசம் எப்படியும் போக வேண்டும். அப்போதே இப்போதைய கையெழுத்தை மாதிரியாகப் பதிந்துவிட்டு வந்துவிடுகிறோம். கட்டம் பெரிதாக இருந்தால் கையெழுத்தும் பெரிதாக வருகிறது, வெள்ளைத் தாளில் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, தேதி முடிவானதும் சொல். தைப்பூசக் கூட்டத்தில் வேண்டாம், அதற்கு முந்தின வாரத்தில் ஒரு நாள் காலையில் எல்லோருமாகக் கோயிலுக்குப் போவோம். வரும்போது அப்பாவுக்கு லேஸ் இல்லாத ஷூ ஒரு ஜோடி வாங்கி வா. எட்டாம் நம்பர், குதிகால் மூடியது. அடிப்பாகம் வழுக்கவும் கூடாது, தரையை ரொம்பக் கவ்விப் பிடிக்கவும் கூடாது. காலை இழுத்து நடக்கும்போது ரப்பர் பிடித்துக்கொண்டால் முன்னால் சாய்ந்துவிடுவார். கடையில் நீயே போட்டுக்கொண்டு காலைத் தேய்த்து நடந்து பார்த்து வாங்கு, பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கறுப்பு வேண்டாம், பிரவுன் போதும் என்கிறார்.

பேரனுக்கு முத்தம்.

அம்மா